இரண்டாவது நிறம்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
எட்டு மணிக்கு மின்வெட்டு என்று பட்டியல் சொல்கிறது.
ஏழு ஐம்பத்திரண்டுக்கு
பத்தையாச்சி ஐயாவின் மின்னஞ்சல் வந்து விழுகிறது:
“அருமை, மா. ஆனால் பிள்ளை சிரிக்கிறாளே.
சிரிக்கிற பிள்ளைக்கு யார் பணம் போடுவார்கள்?
அப்படியே லோகோவையும் கொஞ்சம் பெரிதாக்கு.”

பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு
நன்கொடை கேட்கும் சுவரொட்டி.
கூலி கிடையாது. ஒப்புக்கொண்டது நான்தான்,
யாரோ ஒருவருடைய பதினாறாம் நாளில்,
பருப்பும் பூசணிக் கறியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது.
“கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண் நீதானே?”
தலையாட்டினேன்.
இந்த ஊரில் ஒப்பந்தத்துக்கு அது போதும்.

படம் இரண்டு அனுப்பியிருந்தார்கள்.
417இல் கண் மூடப் பார்க்கிறது, வாய் இறுகியிருக்கிறது.
தும்மலுக்கு முந்தைய கணம், வேறொன்றுமில்லை.
418இல் தும்மி முடித்துச் சிரிக்கிறாள்,
மூக்கைத் துடைத்த கை இன்னும் காற்றில்.
ஐயாவுக்கு 417 பிடித்திருக்கிறது.
“பார், முகத்தில் எவ்வளவு துக்கம்!”
எந்த எழுத்துருவில் போடுவது,
தும்மலைத் துக்கம் என்று?

இதில் இன்னொரு சங்கடம்.
பள்ளியில் இருப்பது ஒரு கிழட்டு நகல் இயந்திரம்,
நீல மை மட்டும் குடிக்கும்.
தலைமையாசிரியை குஸ்வாயோ ஒரு பிரதி எடுத்து
வாட்ஸப்பில் அனுப்பினார்.
தட்டு தெரிகிறது. கோப்பை தெரிகிறது.
சட்டைக் காலர் நன்றாகவே தெரிகிறது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
நீலக் குளம்.

அந்தக் குளம் எனக்குத் தெரியும்.
ஆறாம் வகுப்பு ஆண்டு மலர்,
இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது,
காலருக்கு மேல் ஒரு மைக்கறை. அது நான்.
பக்கத்து மைக்கறை லோகேஷ்ணி.
பெயர்கள் மட்டும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன.
அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள்
எங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.
கோபமில்லை.
இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

மின்சாரம் போயிற்று.
மடிக்கணினியில் முப்பத்தொரு சதவீதம்.
418ஐ அடியில் மங்கலாக வைத்து
மேலே கோடு போட ஆரம்பித்தேன்.
நெற்றி. புருவம் இரண்டு முறை தப்பியது.
தும்மிய மூக்கு.
சிரிப்பில் ஏறிய கன்னத்துக்கு ஒரே ஒரு வளைவு,
அந்த ஒன்றுக்கு நாற்பது அன்டூ.
பள்ளி வாங்குவது மட்டமான பழுப்புக் காகிதம்;
முதல்முறையாக அந்தச் சிக்கனம்
எங்கள் பக்கம் நின்றது.

இறுதி. இறுதி-2. உண்மையிலேயே-இறுதி.
லோகோவை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினேன்.
“இப்போது பார், எடுப்பாக இருக்கிறது” என்றார் ஐயா.
சித்திரம் சிரித்தால் பரவாயில்லையாம்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்.
வாசல் கம்பியில், கழிப்பறைச் சுவரில்,
நூலகமாகப் போகிற கன்டெய்னர் கதவில்,
எங்கும் நீலத்தில் அவள்.
கிட்டே போனேன்.
அவள் கை எட்டுகிற உயரத்தில் ஒட்டிய ஒவ்வொன்றிலும்
கோப்பைக்கு மட்டும் மஞ்சள் கிரேயான்,
கோட்டைத் தாண்டி, அழுத்தி.
எட்டாத உயரத்தில் இருப்பவை
என் வடிவமைப்பின்படியே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து 418ஐத் திறந்தேன்.
ஆமாம், மஞ்சள்தான்.
ஒரு ராத்திரி முழுக்க முகத்திலேயே இருந்தவள்
கோப்பையைப் பார்க்கவே இல்லை.

ஐயா மறுபடி எழுதுகிறார்:
“இரண்டாவது நிறத்துக்கு யார் அனுமதி தந்தது?
பட்ஜெட்டில் இல்லையே.”
தணிக்கைக்கு ஒரு பில்லும் வேண்டுமாம்.

வடிவமைப்பு: பூஜ்ஜியம் ராண்ட்.
இரண்டாவது நிறம்: தண்டெக்கா ம்சோமி, நான்காம் வகுப்பு.
அதற்கெதிரே தொகைக் கட்டத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.
அவளிடம் இன்னும் கேட்கவில்லை.